ஐயாயிரம் வாட் மச்சான்

மரக்காணத்தில் உப்புக்கு அடுத்தபடியாக அமோகமாக விளைவது வாட்தான். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது கட்டுகிற குழாய் ஸ்பீக்கர், உப்பளத்தைத் தாண்டியும் கேட்கும். அது நியாயம், ஊருக்கே கேட்க வேண்டும். என் மச்சான் அதைப் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் அடைக்கப் பார்க்கிறான்.

“5,000 வாட், மாமா!” என்று பாண்டிச்சேரியிலிருந்து ஒரு ஹோம் தியேட்டரை இறக்கினான். அட்டையில் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் பிஎம்பிஓ, அதாவது கண நேர உச்சக் கணக்கு. பெட்டியின் முதுகில் அதைவிடப் பொடியாக இன்னொன்று: எடுக்கும் மின்சாரம் 60 வாட். அறுபதை வாங்கிக்கொண்டு ஐயாயிரம் தருவதாகச் சொன்னவர்கள் சீட்டுக் கம்பெனிக்காரர்கள்தான். அவர்கள் யாரும் இப்போது ஊரில் இல்லை.

“வாட் கூடினா சவுண்டு கூடும்ல மாமா?”

கூடும். 50 வாட்டை 100 ஆக்கினால் 3 டெசிபல். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற வாட் பத்து மடங்காக வேண்டும். சாதாரண பாக்ஸ் ஒன்று, ஒரே வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் வரை தரும். நாம் பேசிக்கொள்வது 60 சொச்சம். சாப்பிட்டுக்கொண்டே பாட்டுக் கேட்கக் கால் வாட் போதும். மிச்சம் 4,999 முக்கால் வாட், சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள. தவில் அடி விழும் கணத்தில் மட்டும் பல மடங்கு வேண்டும். அதற்கும் ஆர்எம்எஸ் கணக்கில், அதாவது விடாமல் தரக்கூடிய அளவில், 20, 30 வாட் தாங்கும்.

கூட்டி வைக்கவும் வழியில்லை. அடுத்த வீட்டுக்காரர் விடியுமுன் உப்பளத்துக்குப் போகிறவர். எட்டு மணிக்கே படுத்துவிடுவார். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளும் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல்தான் அனுமதிக்கின்றன.

குறைத்து வைத்தால்தான் செட்டின் குணம் தெரிகிறது. பல ஆம்ப்ளிஃபயர்களில் அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை இன்னொன்றும் சுமக்கும். இரண்டையும் தயாராக வைத்திருக்கும் சிறு மின்னோட்டமான பயஸ் சரியில்லாவிட்டால் கைமாறும் இடத்தில் பாட்டு வெட்டுப்படும். சத்தத்தில் அது அமுங்கிவிடும். மெதுவாக வைத்தால் வீணை ரம்பமாகும். போதாததற்கு எங்கள் உப்புக் காற்று. செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. வால்யூம் திருகைத் தொட்டாலே கர்ர் என்கிறது. கொஞ்சம் திருகினால் இடது பாக்ஸ் மட்டும் பாடும். இன்னும் மயிரிழை திருகினால் இரண்டும் சேர்ந்து அலறும்.

வாங்கப் போகிறவர்களே, கடைக்காரர் வால்யூமைக் கூட்டிக் காட்டுவார். நீங்கள் குறைக்கச் சொல்லுங்கள். பாட்டை நிறுத்திவிட்டுப் பாக்ஸில் காதை வையுங்கள். உம்மென்று இரைந்தால், வாட் எத்தனையானாலும் கடையிலேயே இருக்கட்டும்.