போட்டோகிராபரின் இலை: காஞ்சிபுரக் கல்யாணங்களில் பசியின் வரிசை குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

காஞ்சிபுரத்தில் ஆராய்வதற்குப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. கைலாசநாதர் கோயிலின் மணற்கல்லை அளந்துவிட்டார்கள். பல்லவர் கல்வெட்டுகளைப் படியெடுத்துவிட்டார்கள். பட்டுச் சேலைக்குப் புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. குமரகோட்டத்தில் கந்தபுராணம் அரங்கேறியபோது முதல் அடியிலேயே இலக்கணம் இடிக்கிறது என்று அவையில் ஒருவர் எழுந்து நின்றதாக இங்கே கதை உண்டு. அவ்வளவு நுணுக்கம் பார்க்கிற ஊரில், முகூர்த்த நாள்தோறும் கண்ணெதிரே நடக்கிற ஒன்று மட்டும் ஆய்வாளர் கண்ணுக்குத் தப்பிவிட்டது: கல்யாணப் போட்டோகிராபர் எப்போது சாப்பிடுகிறார்? அந்தக் குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆடியும் மார்கழியும் ஆய்வில் சேரா. அம்மாதங்களில் போட்டோகிராபர் வேளைக்கு வீட்டில் சாப்பிடுகிறார். அதில் ஆராய ஒன்றுமில்லை.

2. வரையறைகள்

போட்டோகிராபர் என்பவர், பெண்ணின் தாய்மாமனையே பார்த்து "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்று சொல்லும் அதிகாரம் படைத்த ஒரே வெளியாள். இந்த அதிகாரம் மேடையோடு சரி. சாப்பாட்டுக் கூடத்தில் செல்லாது.

சாப்பாடு என்பது இலை போட்டு, உட்கார்ந்து, குறைந்தது ரசம் வரைக்கும் போவது. தூணோரம் நின்று விழுங்கிய வடை, ஒரு கையில் லென்ஸ் மூடியும் மறு கையில் டம்ளருமாகக் குடித்த காபி, வரவேற்பு மேசையில் எடுத்து வாயில் போட்ட கல்கண்டு ஆகியவை இவ்வரையறைக்குள் வாரா.

3. தலைமைத் தேற்றமும் நிறுவலும்

தேற்றம்: போட்டோகிராபர் சாப்பிடுவது கடைசிப் பந்திக்கு அடுத்த பந்தியில்.

நிறுவல்: வரவேற்பு மாலையை எடுத்துக்கொள்வோம். வருகிறவர் மேடை ஏறி, கவரைக் கொடுத்து, பொண்ணு மாப்பிள்ளை பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்ட பிறகே பந்திக்குப் போகிறார். முதலில் சாப்பிட்டுவிடுகிற விவரமானவர்களும் உண்டு. ஆனால் அவர்களும் ஏப்பம் விட்டுக்கொண்டே மேடைக்கு வருவதால் நிறுவல் இன்னும் வலுப்படுகிறதே தவிரத் தளரவில்லை. மேடையில் வரிசை நிற்கும்வரை போட்டோகிராபர் நகர முடியாது. வரிசையின் கடைசி ஆள் இறங்கிப் போய் உட்காருவது எதுவோ அதுவே கடைசிப் பந்தி. போட்டோகிராபர் அவருக்கும் பின்னால் கிளம்புகிறார். கடைசிக்கு அடுத்தது என்று ஒன்று கணிதத்தில் இல்லை. மண்டபத்தில் உண்டு.

கிளைத் தேற்றம்: அப்போதும் அவர் கிளம்ப முடியாது. பொண்ணும் மாப்பிள்ளையும் சாப்பிட உட்காருகிறார்கள். ஒருவருக்கொருவர் ஊட்டிவிடுகிற படம் இல்லாமல் ஆல்பம் முடியாது. "இன்னொரு தடவ ஊட்டுங்க தம்பி, கை மறைக்குது" என்று ஒரே ஜாங்கிரியை மூன்று கோணத்தில் எடுத்து முடிக்கையில், எதிர்வரிசை இலைகளை எடுத்து மேசைக் காகிதத்தைச் சுருட்டத் தொடங்கியிருப்பார்கள்.

காலை முகூர்த்தத்துக்கும் இதே கதி. முகூர்த்தம் 6 - 7.30 என்றால், அவர் 4 மணிக்கே பெண்ணின் அலங்காரத்தில் தொடங்கியாக வேண்டும். தாலி கட்டுவது சில நொடி. அந்தச் சில நொடிக்கும் அட்சதை மழை, கெட்டிமேளம், சரியாக லென்ஸுக்கு நேரே எழுந்து நிற்கும் ஒரு பெரியப்பா. ஆனால் நேரத்தைத் தின்பது தாலியன்று, அதற்குப் பின்வரும் குடும்பப் படம். சித்தப்பா குடும்பம் தனியாக, பெரியப்பா குடும்பம் தனியாக, இரண்டும் சேர்ந்து ஒன்று. பேச்சுவார்த்தை இல்லாத இரு குடும்பங்களைச் சேர்த்து நிறுத்த முடியாது. ஒருவர் இறங்கிப் போன பிறகுதான் மற்றவர் ஏறுவார். ஆக, ஒரு வம்சத்தில் மனஸ்தாபம் கூடக் கூட போட்டோகிராபரின் இட்லி ஆறுகிறது.

4. காஞ்சிபுரத்துக்கே உரிய சிறப்பு விதி

மற்ற ஊர்களில் மேடை ஏறுகிறவருக்கு முகம் தெரிந்தால் போதும். இங்கே கரை தெரிய வேண்டும். ஆல்பத்தைப் புரட்டப் போகிறவர்களில் தறி, பாவு, சரிகை என ஏதாவது ஒன்றில் பிழைப்புள்ளவர் ஒருவராவது இருப்பார். உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓட்டிக் கோத்து நெய்த கோர்வைச் சேலையா, இல்லையா என்பதைப் படத்தை வைத்தே அவர் சொல்லிவிடுவார். ஆகையால் ஒவ்வோர் அம்மாளும் முந்தானையை இழுத்து, மடிப்பைச் சரிசெய்து, பிள்ளையைப் புடவைக்கு முன்னால் நிற்காதபடி நகர்த்திவிட்டு, பிறகே சிரிக்கிறார்.

இதற்குமேல் கருவியின் சிக்கல்கள். பட்டு நூலில் வெள்ளி இழை சுற்றி அதன்மேல் பொன் பூசியது சரிகை. ஃப்ளாஷை நேராக அடித்தால் வெளுத்துப்போய் அலுமினியத் தாளாகிவிடும். பொடிக் கட்டம் போட்ட சேலையில் நூலின் கட்டமும் சென்சாரின் கட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், நெய்தவர் கனவிலும் காணாத அலைக்கோலம் ஒன்று படத்தில் எழும். நிறமோ தனிக் கதை. எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக முத்து செட்டியார் உருவாக்கிய நீலம் எம்.எஸ். ப்ளூ என்றே ஊரெங்கும் பெயர் பெற்றது. மேடையின் எல்.இ.டி. விளக்கில் அது கத்தரிப்பூ நிறத்துக்கு நழுவிவிடும். "இது என் சேலையே இல்ல" என்று அத்தை சொல்லிவிட்டால் ஆல்பத்துக்கு மிச்சப் பணம் வராது. எனவே மறுபடி ஒரு தடவை எடுக்கிறார். ஒவ்வொரு மறுபடிக்கும் அடுத்த அறையில் ஒரு வாளி காலியாகிறது.

5. பதார்த்தங்கள் மறையும் முறை

கடைசிக்கு அடுத்த பந்தியில் என்ன கிடைக்கும்? முதலில் மறைவது வடை. அடுத்து இனிப்பு. பிறகு அப்பளம், இதில் மட்டும் நொறுங்கல் எஞ்சும். அவியல் போனபின் உருளைக்கிழங்குப் பொரியலின் தாளிப்பு மட்டும் சட்டியடியில் ஒட்டியிருக்கும். ரசம் மறைவதில்லை. கொதிநீர் உள்ளவரை ரசம் உண்டு என்பது சமையல்காரர்கள் அறிந்த உண்மை.

இங்கே அறிவு எவ்வாறு பிறக்கிறது என்ற கேள்வி குறுக்கிடுகிறது. காஞ்சிப் பக்கம் பிறந்தவர் என்று சொல்லப்படும் பௌத்தத் தருக்க ஆசான் திக்நாகர், அறிவுக்கு வழி காட்சி, அனுமானம் என்ற இரண்டே என்றார். போட்டோகிராபர் இரண்டாலும் பாயசத்தை அறிகிறார். முதல் பந்தியில் அதை மிக நெருக்கத்தில் படம் எடுத்தார், அது காட்சி. கடைசியில் காலி அண்டாவின் விளிம்பில் ஒரு முந்திரி ஒட்டியிருக்கக் கண்டார். புகையைக் கண்டு நெருப்பைக் கொள்வதுபோல், முந்திரியைக் கண்டு பாயசம் இருந்ததைக் கொண்டார், அது அனுமானம். தருக்கப்படி அவருக்குக் குறையொன்றுமில்லை. வயிறு மட்டும் தருக்கம் படிக்கவில்லை.

மணிமேகலைக் காப்பியமும் இவ்விடத்தில் சான்றுக்கு உதவுகிறது. பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு வந்த மணிமேகலை, அமுதசுரபியை ஏந்தி எல்லோருக்கும் சோறிட்டாள். அதற்கு அடுத்தே அறவண அடிகளிடம் அளவை இலக்கணம் கேட்டாள். இந்த ஊரின் மரபு அது: முதலில் சோறு, அப்புறம் சான்று. கல்யாண மண்டபத்தில் சான்று சேகரிக்கிறவருக்கு மட்டும் வரிசை தலைகீழாகிவிட்டது.

6. பிற தொழிலாளரோடு ஒப்பீடு

நாதஸ்வரக் குழுவுக்குக் கெட்டிமேளத்தோடு பாரம் இறங்கிவிடுகிறது. ஐயர் அரிசி, வாழைக்காய், தட்சணையை மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த முகூர்த்தத்துக்குப் போய்விடுகிறார். சமையல்காரர் உப்புப் பார்க்கும் சாக்கில் எல்லாவற்றையும் ருசித்துவிடுகிறார். அதிசயம் ட்ரோன் பையன்தான். அவன் கருவியின் பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காது. அது சார்ஜ் ஏறும் நேரத்தில் அவன் முதல் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்டுக்கொண்டிருக்கிறான். பேட்டரி சிறுக்கச் சிறுக்க வயிறு நிறையும் என்பது இதனால் பெறப்படும்.

இக்கருத்துக்கு வரலாறும் துணை நிற்கிறது. ஃபிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம். பெண்ணைப் பெற்றவர் சுருளுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்ப்பார். பந்திக்கு ஒரு படம், மொத்த உறவுக்கும் ஒரு படம். சுருள் மாற்றுகிற சாக்கில் போட்டோகிராபர் ஒதுங்கி ஓர் இட்லியை உள்ளே தள்ளலாம். இன்று நகம் அளவு அட்டையில் ஆயிரக்கணக்கான படம் கொள்ளும். நிறுத்தச் சாக்கில்லை. இன்னும் பின்னே போனால், அம்பாளின் தவத்துக்கு இரங்கி ஏகாம்பரநாதர் அவளை மணந்தது இந்த ஊர் மாமரத்தடியில். அங்கே கேமரா இல்லாததால் தேவர் முதல் பூதகணம் வரை அனைவரும் வேளைக்குச் சாப்பிட்டிருப்பார்கள் என்று துணியலாம்.

7. வீட்டுச் சமையல்: துணை ஆய்வு

மண்டபத்தில் இழந்ததை வீட்டில் ஈடுசெய்யலாமே என்று கேட்கலாம். களநிலை வேறு. முகூர்த்த நாளில் போட்டோகிராபர் வீட்டில் அவருக்கு உலை வைப்பதில்லை. "கல்யாண வீட்ல நல்லா சாப்ட்டு வருவீங்கன்னு ஒண்ணும் பண்ணலங்க" என்பார் மனைவி. அவர் குற்றமில்லை. ஊர் முழுக்க நினைப்பதை அவரும் நினைத்தார். பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம். மாவு இருந்தால் ஒரு தோசை, மிளகாய்ப்பொடி. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கல்யாணத்தில் என்னென்ன போட்டார்கள் என்று கேட்க, கேமராத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டுவார். "பாயசம் எப்படி?" என்பாள் மகள். "நல்லா வந்திருக்கு" என்பார். அதில் பொய்யில்லை, படத்தைச் சொன்னார்.

சொந்தக்காரர் விசேஷம் என்றால் நிலைமை மாறுமா என்பதும் பார்க்கப்பட்டது. மோசமாகிறது. தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு, அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து, "நம்ம தம்பி இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்று முடிவாகிவிடும். கூலி இல்லை. தாய்மாமன் சீர்த்தட்டையும் அவரே தூக்க வேண்டும், அதை அவரே படமும் எடுக்க வேண்டும். விருந்தாளியைக் கவனிக்கும் பொறுப்பும் சேர்வதால் கடைசிக்கு அடுத்ததற்கும் அடுத்த பந்தி. குடும்ப ஆல்பங்களில் அவர் முகமும் இல்லை. அத்தி வரதராவது 40 ஆண்டுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்து, 2019-இல் 48 நாள் தரிசனம் தந்தார். போட்டோகிராபர் இருக்கும் படம் அவருடைய கல்யாணப் படம் ஒன்றே. அதிலும் அவர் பெண்ணைப் பார்க்கவில்லை. லைட் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

8. மறுப்பும் விடையும்

உதவியாளரை நிறுத்திவிட்டுப் போய்ச் சாப்பிடலாமே என்பது முதல் மறுப்பு. போகலாம். முதல் கவளம் வாய்க்குப் போகுமுன் பெண்ணின் அம்மா வந்துவிடுவார்: "அந்தப் புள்ள எடுத்தா எனக்கு மனசு ஆறாது தம்பி, எங்க நாத்தனார் குடும்பம் கிளம்புது, நீயே வந்து ஒண்ணே ஒண்ணு எடுத்துடு." ஒண்ணே ஒண்ணு என்பது எண்ணன்று, அது ஒரு காலம்.

பார்சல் கட்டி வைக்கலாமே என்பது இரண்டாவது. கேமராப் பைக்குப் பக்கத்தில் வைத்த பார்சலை வேன் டிரைவர் தனக்கென்று எடுத்துக்கொள்வது இயற்கை.

கோவில் இட்லி கொடுக்கலாம் என்பது மூன்றாவது, மதிக்கத்தக்கது. வரதராஜப் பெருமாள் கோயில் முறைப்படி மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி வெகுநேரம் ஆவியில் வேகவைக்கும் இட்லி அது. சீக்கிரம் ஊசாது, சட்னி வேண்டாம், நின்றுகொண்டே சாப்பிடலாம். ஆனால் நெய்விரல் லென்ஸில் பட்டுவிட்டால் மேடையில் நிற்கும் அத்தனை பேரையும் பழைய சினிமாவின் கனவுக்காட்சிபோல் ஒரு மங்கல் சூழும். மாமியார் உட்பட.

9. முடிவும் பரிந்துரையும்

போட்டோகிராபரின் பசிக்குத் தனிமனிதர் எவரும் பொறுப்பில்லை. மண்டபத்தில் "சாப்ட்டீங்களா?" என்று அவரைக் கேட்காதவரே கிடையாது. கேட்கிற ஒவ்வொருவரும் பதிலுக்குக் காத்திராமல் மேடையில் நிற்கிறார். எனவே அறிவுரையால் பயனில்லை. சொன்னால் கேட்காத சனம் எது சொன்னால் கேட்கும் என்பதே கேள்வி.

விடை சுவரில் தொங்குகிறது. தினசரி காலண்டரில் ராகு காலம் 7.30 - 9 என்று போட்டிருந்தால் திங்கட்கிழமை காலை அந்த நேரத்தில் இவ்வூரில் ஒரு தாம்பூலம் மாறாது. ஆகவே பஞ்சாங்கம் கணிப்போருக்கு இக்கட்டுரை பணிந்து வைக்கும் கோரிக்கை: ராகு காலம், எமகண்டம், குளிகை ஆகியவற்றின் கீழே 'கேமரா கண்டம்' என்று ஒரு கால் மணி நேரத்தைச் சேர்க்கவும். அந்நேரத்தில் படம் எடுத்துக்கொண்டால் சேலையின் நிறம் மங்கும் என்று ஒரு பலனும் போட்டுவிட்டால், இந்த ஊரில் ஒருவரும் மேடை ஏற மாட்டார். சூலத்துக்கு எதிரே பரிகாரம் தயிர் என்றும் வெல்லம் என்றும் அச்சிடுவதுபோல் இதற்கும் ஒரு பரிகாரம் வேண்டும்: போட்டோகிராபருக்கு இரண்டு கரண்டி பாயசம், முந்திரியுடன்.