ஒரு கோடா, ரெண்டு கோடா?

கேள்வி: நீல வட்டத்தில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, இன்னொரு போர்டில் பெருக்கல் குறி. என்ன வித்தியாசம்?
- ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: ஒரு கோடு என்றால் 'வண்டியைப் போட்டுவிட்டுப் போகாதே.' மாமியாரை இறக்கிவிடலாம், பையை எடுத்துக் கொடுக்கலாம், உடனே கிளம்பிவிட வேண்டும். பெருக்கல் குறி என்றால் மாமியாரையும் இறக்கக் கூடாது. ஓடுகிற வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். "டிரைவர் உள்ளேதான் சார் இருக்கேன்" என்பது அங்கே செல்லாது. சிக்னலிலோ நெரிசலிலோ நிற்பது மட்டும் குற்றமில்லை.

நம் பக்கத்தில் சிக்கலே அதுதான். காசிமேட்டை ஒட்டிய துறைமுக ஜீரோ கேட்டுக்காக எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் வால் நீட்டி நிற்கும். டிரைவர் லுங்கிக்கு மாறி, கேபினில் பாதித் தூக்கம் முடித்திருப்பார். அது பார்க்கிங்கா, நெரிசலா? அவரைத் திட்டிப் பயனில்லை. கேட் திறந்தால் அவர் ஏன் நிற்கப்போகிறார்?

நீங்கள் டூவீலர்காரர் என்றால் அந்தச் சாக்கு எடுபடாது. பஸ் ஸ்டாப், ஆஸ்பத்திரி வாசல், நடைபாதை, ஏற்கெனவே நிற்கும் வண்டிக்குப் பக்கவாட்டில் - இங்கெல்லாம் போர்டே இல்லாவிட்டாலும் நிறுத்தக் கூடாது. போர்டைக் காதுகுத்து பேனர் மறைத்திருந்தது என்பீர்கள். பேனரை விலக்கிப் பார்த்தீர்களா என்பார் போலீஸ்காரர்.

முதல் தடவை அபராதம் 500 ரூபாய். மறுபடி மாட்டினால் 1,500.