அம்பத்தூர் இமயவரம்பன்

பாடி மேம்பாலத்தில் ஆரம்பித்து ஆவடி வரை தேடினால் தெருவுக்கு ஒருவராவது அகப்படுவார். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். எஸ்டேட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் க்யூ.சி. இன்சார்ஜ். ரயில்வே ஸ்டேஷன் மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் கடல்மட்ட உயரம் போட்டிருப்பார்கள். நீங்களும் நானும் கவனித்திருக்க மாட்டோம். இவர் தினமும் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அது வெறும் இரண்டு இலக்க எண். இவர் போகவேண்டிய இடமோ 12,500 அடி.

இடத்தின் பெயர் கேதார்காந்தா. உத்தராகண்டில் சாங்க்ரி என்கிற கிராமத்திலிருந்து ஏற வேண்டும். முதலில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் என்றுதான் இருந்தது. 2023 மே மாதம் தமிழ்நாட்டுப் பெண் முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் உச்சிக்கே போய்விட்டு வந்த சூட்டில் எடுத்த முடிவு அது. பேஸ் கேம்ப் 5,364 மீட்டர், லுக்லாவிலிருந்து நடந்து போய்வர இரண்டு வாரமாவது ஆகும் என்று தெரிந்தது. மிச்சமிருக்கும் லீவு எத்தனை என்று ஹெச்.ஆரில் விசாரித்தார். அன்று சாயங்காலமே மலை குள்ளமாகிவிட்டது.

இமயவரம்பன் என்பது கம்பெனியில் வைத்த பெயர். சேர மன்னன் இமயத்தில் வில்லைப் பொறித்தானாம். இவர் இமயத்தை எக்செல்லில் பொறித்திருக்கிறார்.

டீக்கடையில் மாட்டினால் தப்ப முடியாது. "எவரெஸ்டை அளக்க ஆரம்பிச்சதே நம்ம ஊர்லதான் சார். 1802-ல லாம்டன் துரை பரங்கிமலைகிட்ட அடிக்கோடு அளந்தாரு. அங்கேருந்து முக்கோணம் முக்கோணமா நகர்ந்து நகர்ந்து இமயமலைக்குப் போய்ச் சேர்ந்தாங்க. ராதாநாத் சிக்தர் கணக்குப் போட்டு, உலகத்துலேயே இதுதான் உசரம்னு கண்டுபிடிச்சப்போ 1852."

டீ மாஸ்டர் கிளாஸை நீட்டினார். "அம்பது வருஷமா? அப்ப நீங்களும் அவசரப்படாதீங்க சார்."

அவசரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. உயரமலை சாஸ்திரமே மெதுவாக ஏறு என்பதுதான். 2,500 மீட்டருக்கு மேல் தலைவலியும் குமட்டலும் வரலாம். 3,000-க்கு மேல் போனால், இன்றைக்குத் தூங்கும் இடம் நேற்றுத் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. இந்த விதியை இவரளவுக்கு மதித்தவர் உலகத்தில் கிடையாது என்பேன். அம்பத்தூரிலேயே தூங்கிக்கொண்டிருக்கிறார்.

பழகிப் பார்க்கலாம் என்றால் தமிழ்நாட்டில் மலை போதாது. ஆக உயரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அதற்கும் உச்சி வரை கார் போகிறது. தலைவலி வந்தாலும் அது கொண்டை ஊசி வளைவின் கைங்கரியமா, உயரத்தின் கைங்கரியமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆகவே ஞாயிறு காலை லோக்கல் ரயிலைப் பிடித்துத் திருத்தணி போனார். 365 படி. புது ட்ரெக்கிங் ஷூ காலுக்குப் படிய வேண்டும் என்பதுதான் முக்கிய நோக்கம். முருகன் சந்நிதிக்கு ஷூ போட்டுக்கொண்டு ஏற முடியுமா? ஷூ அடிவாரத்தில் டோக்கனோடு ஓய்வெடுத்தது, இவர் வெறுங்காலோடு ஏறி இறங்கினார். இன்றைய தேதிக்கு அந்த ஷூவுக்கு மிகவும் பழக்கமான மலை, செருப்பு ஸ்டாண்டின் மூன்றாவது தட்டு.

மூட்டை சுமக்கும் பயிற்சி வீட்டிலேயே நடந்தது. லிஃப்ட் இல்லாத மூன்று மாடி ஃபிளாட். இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்து ஏறலாம் என்று யோசனை சொன்னது மனைவி. இரண்டாம் வாரமே கேன் போடும் பையன் எல்லார் வீட்டுக் கேனையும் கீழேயே இறக்கிவிட்டு, "சார் ட்ரெய்னிங்ல இருக்காரு" என்று போய்விட ஆரம்பித்தான்.

பையின் எடையில் இவர் பொல்லாதவர். வெர்னியரில் அளந்து டூத் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்துவிட்டார், நாலைந்து கிராம் மிச்சம். அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு கிலோ புளிக்காய்ச்சலையும் ஒரு டப்பா தட்டையையும் உள்ளே திணித்தார்.

"அம்மா, அங்கே உசரத்துல காத்தழுத்தம் கம்மி. தண்ணி தொண்ணூறு டிகிரிக்கு முன்னாடியே கொதிச்சிடும். சோறு சரியா வேகாது. புளிக்காய்ச்சலை எதுல போட்டுப் பிசையறது?"

"அப்ப குக்கரையும் எடுத்துட்டுப் போ."

இயற்பியல்படி அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. க்யூ.சி.காரரால் ரிஜெக்ட் செய்ய முடியவில்லை. உயரத் தலைவலிக்கான டயமாக்ஸ் மாத்திரை விஷயத்தில்தான் அம்மா அசையவில்லை. "மாத்திரை போட்டுக்கிட்டு ஏறணும்னா அது என்னடா மலை? சபரிமலைக்கு மாலையைப் போடு, போதும்."

ஒருவழியாக 2023 டிசம்பருக்கு டிக்கெட் எடுத்தார். பனி வேண்டும் என்றால் டிசம்பர்தான். மாதம் பிறந்த மூன்றாம் நாள் மிக்ஜாம் புயல் வந்தது. எஸ்டேட்டுக்குள் தண்ணீர், ஆவின் பால் பண்ணைக்குள் தண்ணீர், இவர் ஃபிளாட் வாசலில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கரண்ட் போயிற்று. அப்போதுதான் தெரு முதன்முதலாக இமயவரம்பனை முழு அலங்காரத்தில் பார்த்தது. நெற்றியில் ஹெட்லேம்ப், மேலே மழைக்கோட்டு, காலில் பனி புகாத கெய்ட்டர், இரு கையிலும் ட்ரெக்கிங் கம்பு. திறந்து கிடக்கும் சாக்கடை எங்கே இருக்கிறது என்று ஒரு கம்பால் குத்திப் பார்த்து, அடுத்த கம்பை ஊன்றி, அதன்பிறகே அடி எடுத்து வைத்தார். மெயின் ரோடு வரை போய், எங்கேயோ பிடித்து, பைக்குள் பால் பாக்கெட்டோடு திரும்பினார். மூன்று மாடிக்கும் ஏறிக் கொடுத்தார். நியாயமாகச் சொன்னால் அன்றைக்கு அந்த உடுப்பைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. லீவும் டிக்கெட்டும் போனது தனிக்கதை.

மறுபடி டிசம்பருக்குத்தான் தேதி பார்க்கிறார். சேதி அசோசியேஷன் கூட்டத்துக்கு வந்துவிட்டது. இரண்டாம் மாடி மாமி எழுந்து நின்றார்.

"டிசம்பர்ல மட்டும் போகாதீங்கோ தம்பி. மே மாசம் போங்கோளேன்."

"மே மாசம் பனி உருகிடும் மாமி."

"டிசம்பர்ல இங்கே தண்ணி ஏறிடுமே!"

அன்று ராத்திரி எக்செல்லில் சாங்க்ரி வெப்பநிலைக்குப் பக்கத்தில் ஒரு புதுக் கட்டம் முளைத்தது: அம்பத்தூர் ஏரி நீர்மட்டம், அடியில்.