ஓட்டையை ஊரறியச் சொன்னவர்களுக்கு ஒரு நன்றிக் கடிதம்

அனுப்புநர்: ஐபோன் வைத்திருக்கும் ஒரு தமிழ் வாசகன் (தொலைபேசி எண்ணைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம்).

பெறுநர்: உயர்திரு அதிகாரி அவர்கள், நீதித்துறை அலுவலகம், பெய்ஜிங் மாநகரம்.

பொருள்: ஏர்டிராப் – அனுப்பியவரைக் கண்டுபிடித்தமை – பாராட்டும் பணிவான வேண்டுகோளும் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட அறிவிப்பு.

ஐயா,

வணக்கம். அரசு அலுவலகங்களுக்கு மனு எழுதித்தான் எனக்குப் பழக்கம். நன்றி சொல்லி எழுதுவது இதுவே முதல் தடவை. நடையில் தடுமாற்றம் இருந்தால் பொறுத்தருள்க.

பெய்ஜிங் சுரங்க ரயிலில் போய்க்கொண்டிருந்த ஒருவரின் ஐபோனுக்கு, முகம் தெரியாத யாரோ 'தகாத கருத்துகள்' உள்ள வீடியோவை ஏர்டிராப்பில் தள்ளிவிட்டார். ஏர்டிராப்புக்கு இணையம் வேண்டாம், சிம் கார்டு வேண்டாம். புளூடூத்தில் பக்கத்துப் போனைத் தேடிப் பிடித்து, வைஃபை அலையில் கோப்பை நேரே கொண்டுபோய்ச் சேர்க்கும். நடுவில் சர்வர் கிடையாது. ஆகவே நடுவில் உட்கார்ந்து படித்துப் பார்க்கத் தங்கள் ஆட்களுக்கு நாற்காலியும் கிடையாது. இது தங்களுக்கு எவ்வளவு மனவருத்தம் தந்திருக்கும் என்பதை அறிவேன்.

ஆனாலும் தாங்கள் சோர்ந்துவிடவில்லை. வீடியோ வந்து சேர்ந்த போனில் பதிவாகியிருந்த குறிப்புகளைத் தங்கள் தடயவியல் நிபுணர்கள் தோண்டினார்கள். அனுப்பியவரின் போன் எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் கிடைத்தன. சந்தேக நபர்கள் சிலர் அடையாளம் காணப்பட்டார்கள். வேறு நாட்டு உளவுத் துறையாக இருந்தால் இந்த வித்தையைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு இருபது வருடம் சத்தமில்லாமல் பயன்படுத்தியிருக்கும். தாங்களோ பெருமை தாங்காமல் அறிக்கை விட்டீர்கள்! ஏர்டிராப்பில் பெயர் தெரியாது என்று நம்பியிருந்த உலகத்துக்கு இதைவிடப் பெரிய சேவையை யார் செய்திருக்கிறார்கள்?

எப்படிச் செய்தீர்கள் என்பதை எங்கள் ஊர்க்காரர்களும் தெரிந்துகொள்வது நல்லது. ஏர்டிராப் நம் எண்ணை அப்படியே வெளியே விடாது. 'ஹாஷ்' என்ற கணக்கில் போட்டு அரைத்துத்தான் விடும். அரைத்த மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது என்ற நம்பிக்கைதான் இதற்கு அடிப்படை. சரி, சந்தையில் இருப்பதே நாலு வகை அரிசி என்றால்? நாலையும் தனித்தனியே அரைத்து, பொட்டலம் கட்டிப் பெயர் எழுதி வைத்துக்கொண்டு, கைக்கு வந்த மாவை ஒப்பிட்டுப் பார்த்தால் தீர்ந்தது. செல்போன் எண்களும் அவ்வளவுதான். சீனாவில் 11 இலக்கம். முதல் இலக்கம் எப்போதும் 1. மிச்சமுள்ள பத்தை எப்படி மாற்றிப் போட்டாலும் 1,000 கோடியைத் தாண்டாது. இந்தியாவில் 10 இலக்கம், தொடக்கம் 6, 7, 8, 9-இல் ஒன்று. ஆக 400 கோடிதான். பையன் கேம் விளையாட வாங்கி வைத்திருக்கும் நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று இத்தனையையும் சில நிமிடங்களில் அரைத்துத் தள்ளிவிடும். இப்படி முன்கூட்டியே போட்டு வைக்கும் அட்டவணைக்கு 'ரெயின்போ டேபிள்' என்று பெயர். தங்கள் அறிவிப்பிலேயே அந்தப் பெயர் இருந்தது.

இதில் ரகசியம் எதுவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இந்த ஓட்டையை 2019-லேயே ஆப்பிள் நிறுவனத்திடம் சொன்னார்கள். ஆப்பிள் அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை, சரிசெய்வதாகச் சொல்லவும் இல்லை என்று 2021-இல் வெளியுலகுக்கும் சொன்னார்கள். 150 கோடிக்கும் மேற்பட்ட கருவிகளுக்கு இந்த ஆபத்து என்றார்கள். குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை, 'பிரைவேட்டிராப்' என்று மாற்று வழியும் எழுதிக் கொடுத்தார்கள், அதுவும் இலவசமாக. இலவசமாக வந்ததாலோ என்னவோ, ஆப்பிளின் தலைமையகமான கூப்பர்டினோவில் யாரும் அதைச் சீந்தவில்லை.

அந்த நிறுவனத்துக்கு வேகமே தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 2022 அக்டோபர் 13 அன்று பெய்ஜிங்கின் சீதோங் மேம்பாலத்தில் தனி ஆள் ஒருவர் சீன அதிபருக்கு எதிராகப் பேனர் கட்டினார். அந்த வாசகங்கள் ஏர்டிராப் வழியே போனுக்குப் போன் தாவுவதாகச் செய்திகள் வந்தன. நவம்பர் 9 அன்று ஐஓஎஸ் 16.1.1 வந்தது. சீனாவில் விற்ற ஐபோன்களில் மட்டும், 'எல்லோரிடமிருந்தும் பெறலாம்' என்ற வசதி பத்து நிமிடத்தில் தானாக அணைந்துபோகும்படி ஆனது. நாலு வாரம்கூட ஆகவில்லை. யாரும் கேட்டுக்கொண்டதாக ஆதாரம் இல்லை. வேண்டாத கோப்புகள் வருவதைக் குறைக்கத்தான் என்றது நிறுவனம். முதலில் சீனாவுக்கு ஏன் என்று கேட்டதற்கு விளக்கம் தரவில்லை. டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வழியே உலகத்துக்கே அந்தப் பத்து நிமிடம் வந்து சேர்ந்தது.

அந்தக் கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2015-இல் லண்டன் ரயிலில் ஒரு பெண்ணின் போனுக்கு ஆபாசப் படங்கள் இப்படி வந்து, போலீஸ் விசாரணை வரை போனது. அந்தப் பெண்ணுக்கு இந்தப் பத்து நிமிடம் உதவியிருக்கும். ஏழு ஆண்டு தாமதம் மட்டுமே என் வருத்தம். ரயிலில் ஒரு பெண் பட்ட அவஸ்தை ஏழு ஆண்டாக அசைக்காத நிறுவனத்தை, மேம்பாலத்தில் தொங்கிய ஒரு துணி நாலே வாரத்தில் அசைத்தது தற்செயலாகவே இருக்கட்டும்.

இதில் இன்னொன்றும் உண்டு. பத்து நிமிடம் என்பது வாங்குகிறவருக்கான கதவு. ஓட்டை இருப்பதோ அனுப்புகிறவரின் எண் வெளியேறும் இடத்தில். அந்த மாற்றம் வந்து ஓராண்டுக்கு மேல் கழித்துத்தான் தங்கள் அறிவிப்பு வந்தது. கதவை மூடியவர்கள் ஓட்டையைத் தொடவில்லை என்பதற்குத் தங்கள் வெற்றியே சாட்சி.

ஆகவே தங்களிடம் ஒரு விண்ணப்பம். பல்கலைக்கழகம் எழுதினால் ஆண்டுக்கணக்கில் தீர்வு இல்லை. வாடிக்கையாளர் எழுதினால் தானியங்கிப் பதில்தான் வரும். தங்கள் திசையிலிருந்து காற்று வீசினாலே கூப்பர்டினோவில் மென்பொருள் மாறிவிடுகிறது. எனவே போன் எண்ணை அரைக்கும் அந்தப் பழைய முறையைக் கைவிட்டு, ஜெர்மன்காரர்கள் தந்த முறையையோ அதைவிட நல்லதையோ கொண்டுவரும்படி, தங்கள் அலுவலகத் தாளில் ஒரே ஒரு வரி எழுதி அனுப்ப ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதன்பின் ரயில் வழக்குகளில் தங்களுக்குக் கொஞ்சம் சிரமம் ஏற்படும் என்பது தெரிந்துதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
(எண் தங்களிடம் உள்ளது)

நகல்: ஆப்பிள் நிறுவனம், கூப்பர்டினோ, கலிபோர்னியா. 2019-இலிருந்து நிலுவையில் உள்ள கோப்புடன் சேர்த்துப் பார்க்கவும்.