உட்கார்ந்தார் வானம் ஆள்வார்

பேராண்டி, டெலஸ்கோப் வாங்கிட்டியாமே! கைலாசபுரம் முழுக்க உன் ஆத்தாதான் சொல்லிக்கிட்டுத் திரியுது. எட்டு இஞ்ச் கண்ணாடியாம், நாலடிக் குழாயாம், ஒரு மாசச் சம்பளம் போதலையாம். நல்லது, சந்தோசம். நேத்து ராத்திரி நானும் மாடிக்கு வந்து வேடிக்கை பாத்தேன். வானத்தை இல்லடா, உன்னை. முதுகை வளைச்சு, முட்டியை மடிச்சு, ஒரு கையை இடுப்புல முட்டுக் குடுத்து, ஒரு கண்ணை மூடி, வாயைத் திறந்துக்கிட்டு நின்ன பாரு, வியாழனைப் பாக்குறியா இல்ல உன் பொண்டாட்டி தொலைச்ச மூக்குத்தித் திருகாணியைத் தேடுறியான்னு எனக்கு வெளங்கல. ரெண்டு நிமிசம்கூட ஆகல, ‘ஐயோ அம்மா’ன்னு நிமிந்துட்ட. என்னடா தெரிஞ்சுதுன்னு கேட்டா, ‘ரெண்டு பட்டை தெரிஞ்சுது தாத்தா’ங்குற. ரெண்டு பட்டை பாக்கவா அம்புட்டுப் பணம்? பாயை விரிச்சாலே நாலு பட்டை தெரியுமே.

கோவிச்சுக்காத. கண்ணாடி மேல குத்தம் இல்ல, உன் கண்ணு மேலயும் குத்தம் இல்ல. கண்ணுக்கு வாங்கினவன் உக்கார்ற எடத்துக்கு ஒண்ணும் வாங்கல, அதான் சங்கதி.

நம்ம திருச்சி மொட்டை மாடி பகல் பூரா வெயிலைக் குடிச்சிட்டு, ராத்திரி வெகுநேரம் வரைக்கும் சூட்டைக் கக்கிக்கிட்டே கிடக்கும். அந்தச் சூடு காத்தைக் கலக்கிவிடும். குழாய்க்குள்ள வியாழன் நெளிஞ்சு குழைஞ்சு நிக்கும். நடுநடுவுல ஒரு நொடி, ரெண்டு நொடி காத்து அடங்கும் பாரு, அப்பத்தான் பட்டைக்குள்ள இருக்கிற சுழிப்பு தெரியும்; உன் அதிர்ஷ்டத்துக்கு அந்தப் பக்கம் திரும்பியிருந்தா சிவப்புப் பொட்டும் தெரியும். அந்த நொடி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது, காத்துக் கிடக்கணும். மங்கலான நெபுலா கிபுலான்னு போனா இன்னும் பொறுமை வேணும். கண்ணு இருட்டுக்குப் பழகவே 20-லேருந்து 30 நிமிசம் ஆகும். நீ என்ன பண்ணுவ? பத்தாவது நிமிசம் இடுப்பு புடிச்சுக்கும். கீழ எறங்கிப் போய் ட்யூப் லைட்டைப் போட்டு அயோடெக்ஸ் தேடுவ. பழகின கண்ணு அம்போ. மறுபடி மொதல்லேருந்து அரை மணி நேரம். விடிஞ்சா ஏழு மணி ஷிஃப்டு.

அதோட, குனிஞ்சு நிக்கிற உடம்பு தன்னால ஆடும், நீ ஆடலைன்னு சத்தியம் பண்ணினாலும் ஆடும். கண்ணு வச்சுப் பாக்குற ஐபீஸ்லேருந்து வர்ற வெளிச்சம் ஒரு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர் பொட்டுதான். கண்ணு கொஞ்சம் விலகினா கிரகம் காணாமப் போயிரும். நீ ‘மேகம் வந்துருச்சு’ம்ப.

‘பெரிய விஞ்ஞானியெல்லாம் நாற்காலியைப் பத்திக் கவலைப்பட்டாங்களா’ன்னு கேப்ப. கேளு, சொல்றேன். அமெரிக்காவுல யெர்க்ஸ்னு ஒரு வானாய்வகம், 1897-ல தொறந்தது. 40 இஞ்ச் லென்சு. குழாய் சாயச் சாய ஐபீஸ் ஆளு உசரத்துக்கு மேல போகும், கீழ வரும். கட்டினவன் நாற்காலியோட நிறுத்தல, அந்த வட்டக் கட்டடத்துத் தரை மொத்தத்தையும் மேல ஏத்தி எறக்குற மாதிரி கட்டிப்புட்டான். அதே வருசம் கம்பி விட்டுப்போய் தரை சரிஞ்சு விழுந்தது வேற கதை. நல்லவேளை யாரும் இல்ல. அப்புறம் 1948-ல பாலோமர் வானாய்வகத்துல 200 இஞ்ச் கண்ணாடி வச்சாங்களே, அதுல ஆளே குழாய்க்குள்ள ஏறி, உச்சியில ஒரு கூண்டுல உக்காந்து வேலை பாத்தான். குளிருக்குக் கரண்டுல சூடாகுற உடுப்பு மாட்டிக்கிட்டு! இந்தப் பிரபஞ்சமே விரியுதுங்கிறதுக்கு ஆதாரம் குடுத்த ஹப்பிள் இருக்காரே, மவுண்ட் வில்சன் வானாய்வகத்துல அவர் உக்காந்தது வளைச்ச மரத்துல செஞ்ச சாதா நாற்காலி. 1923-ல ஆண்ட்ரோமீடாவுல துடிக்கிற நட்சத்திரத்தைக் கண்டுபுடிச்சு, அது தனி நட்சத்திர ஊருன்னு சொன்ன மனுசன், உக்காந்து பாத்துருக்காரு. நீ ரெண்டு பட்டை பாக்க நிக்கிற.

உன் குழாய்க்கு டாப்சோனியன்னு பேர் இல்ல? அந்த ஜான் டாப்சன் யாருன்னு தெரியுமா? சான் பிரான்சிஸ்கோவுல ராமகிருஷ்ண மிஷனைச் சேந்த வேதாந்த மடத்துல சாமியாரா இருந்தவரு. மடத்துக்குள்ள கண்ணாடி தேச்சுத் தேச்சே 1967-ல மடத்தை விட்டு வெளிய வரும்படி ஆயிருச்சு. அதுக்கப்புறம் தெருவோரம் டெலஸ்கோப்பை நிறுத்தி, போறவன் வர்றவனுக்கெல்லாம் நிலாவைக் காட்டினாரு. வழிப்போக்கன் ஒரு நிமிசம் குனிஞ்சு பாத்துட்டு நடையைக் கட்டுவான், அவனுக்கு ஆசனம் எதுக்கு? நீ வழிப்போக்கனா, வீட்டுக்காரனா? அதை மொதல்ல முடிவு பண்ணு.

இப்ப விசயத்துக்கு வர்றேன். நீ போன்ல பாத்து வச்சிருக்கிற நாற்காலி, அந்த மடிக்கிற, ஏறி எறங்குற சீமை நாற்காலி, அதை வாங்கப் போறேன்னு உன் அப்பன்கிட்ட சொன்னியாமே. விலையைக் கேட்டதும் அவன் உக்காந்துட்டான். உக்கார அவனுக்கு நாற்காலியே தேவைப்படல. அது லண்டன்காரனுக்கு வேணும்டா. அவன் 51 டிகிரி வடக்க இருக்கான். அவனுக்கு வியாழன் சில வருசம் அறுபது டிகிரி உசரத்துல போகும், சில வருசம் பதினஞ்சு டிகிரிக்கு மேல ஏறவே ஏறாது. அதனால அவன் உசரமும் தாழ்வுமா ஏறி எறங்கணும். நம்ம திருச்சி 11 டிகிரிதான். துருவ நட்சத்திரமே தரையிலேருந்து பதினோரு டிகிரிதான் தூக்கி நிக்கும், அடுத்த தெரு வேப்பமரம் மறைச்சிரும். ஆனா சூரியன் போற பாதையிலதான கிரகமும் போகுது? அது நமக்குத் தலைக்கு மேல. எந்த ராசியில நின்னாலும், உச்சிக்கு வர்றப்போ வியாழனும் சனியும் அம்பது டிகிரிக்கு மேலதான் இருக்கும்.

இதுல உனக்கு என்ன லாபம்? அம்பது டிகிரிக்கு மேல உன் குழாயை எப்புடித் திருப்பினாலும் ஐபீஸ் உசரம் அரை அடிக்கு மேல மாறாது. அதாவது, உச்சிக்கு வர்ற வரைக்கும் பொறுத்தியானா, ஒரே உசரத்துல ஒரு ஸ்டூல் போதும். தாழ இருக்கிறப்போ பாத்தாலும் காத்துக் கலங்கல்ல பாதிதான் தெரியும். சோம்பேறிக்கும் கஞ்சனுக்கும் இந்த ஊரு அட்சரேகை குடுத்த வரம்டா இது. ரெண்டும் நீயே.

எத்தனை உசரம்னா, கணக்கு சுலபம். நீ உக்காந்தா உக்கார்ற எடத்துலேருந்து கண்ணுக்கு ரெண்டேகால் அடியிலேருந்து ரெண்டரை அடி வரும். சுவத்தோரம் உக்காந்து உன் பொண்டாட்டியை அளக்கச் சொல்லு, அவளுக்கும் ஒரு சந்தோசம். டெலஸ்கோப்பை உச்சிக்குக் கிட்ட திருப்பி வச்சு, தரையிலேருந்து ஐபீஸ் எம்புட்டுன்னு டேப்பை வச்சுப் பாரு. உன் எட்டு இஞ்ச்சுக்கு நாலடிக்குக் கொஞ்சம் கம்மியா வரும். அதுலேருந்து உன் கண்ணு உசரத்தைக் கழி. ஒன்றரை அடி சொச்சம் மிஞ்சும். அம்புட்டுதான் உன் விஞ்ஞானம்: சமையக்கட்டுல உன் ஆத்தா முருங்கக்கீரை உருவ உக்கார்ற ஸ்டூல் உசரம்.

லென்சு வச்ச குழாய்க்காரன் எவனாவது உன்கிட்ட யோசனை கேட்டா இதையே சொல்லிராத. அவனுக்கு எல்லாம் தலைகீழ். அவன் ஐபீஸ் குழாயோட அடியில இருக்கு, உச்சியைப் பாத்தா தரைக்கு எறங்கிரும். ஸ்டாண்டு காலை நல்லா நீட்டிக்கச் சொல்லு, இல்லாட்டி கோலம் போடுற மணைப்பலகையில குந்தச் சொல்லு.

வீட்டுல இருக்கிறதை ஒவ்வொண்ணா பாத்தியானா, கைப்புடி வச்ச பிளாஸ்டிக் நாற்காலி வேணாம். அது உன்னைப் பின்னால சாய வைக்கும், உனக்கு வேணுங்கிறது முன்னால சாயுறது. கைப்புடி குழாயில இடிக்கும் வேற. உன் கம்ப்யூட்டர் நாற்காலி ஏறும் எறங்கும், வாஸ்தவம். ஆனா மொட்டை மாடிக்கு மழைத்தண்ணி ஓட வாட்டம் விட்டுத்தான் தட்டோடு பதிச்சிருக்கான். சக்கரம் வச்சதுல உக்காந்து சனியைப் பாத்துக்கிட்டே நீ தூம்பு வாய்க்குப் போய்ச் சேருவ. சக்கரத்தைக் கழட்டிட்டு ரப்பர் புஷ் மாட்டினா பாதகமில்ல. டிரம்ஸ் வாசிக்கிற பயலுக உக்கார்ற ஸ்டூல் ஒண்ணு உண்டு, வட்டமா, திருகினா ஏறும். உச்சி வானத்துக்கு அதைவிடத் தோதா நான் எதையும் பாத்ததில்ல. பழசு கெடைச்சா விடாத. பெரம்பு மோடா சொகம்தான், ஆனா பனியில நனைஞ்சு நனைஞ்சு பிரிஞ்சுரும். மெத்தை வச்சது எதுவும் வேணாம். மார்கழிப் பனியைக் குடிச்சிட்டு அது உன்னைக் காலையில வேற மாதிரி அவமானப்படுத்தும்.

சாய்வு நாற்காலியைக் கேக்குறியா? அது பைனாகுலருக்கு. அந்த விசயத்துல நம்ம ஸ்ரீரங்கத்துப் பெருமாளை மிஞ்ச ஆள் இல்ல. தெக்க பாத்து, சௌகரியமா, காலை நீட்டிப் படுத்துட்டாரு. நம்ம ஊருல தெக்கு வானம்தான் பணக்கார வானம். விருச்சிகமும் தனுசும் அந்தப் பக்கம்தான் சாயும். விபீஷணனுக்காகத்தான் அப்புடிக் கிடக்கார்னு தலபுராணம். நான் மறுக்கல. இங்க கைலாசத்துல இருக்கிறவரு உக்காந்திருக்காரு, அங்க ரங்கத்துல இருக்கிறவரு படுத்திருக்காரு. குனிஞ்சு நிக்கிற சாமி ஒண்ணைக் காட்டு பாப்போம்.

ஆனா உனக்கு ஆசை அடங்காது, தெரியும். சித்திரை மாசம் ஒமேகா சென்டாரி பாக்கணும்ப. லண்டன்காரனுக்குக் கண்ணுலயே படாத அந்த நட்சத்திரக் கூட்டம் நமக்கு முப்பது டிகிரிக்குக் கொஞ்சம் மேல வரும். அங்க திருப்பினா உன் ஐபீஸ் ஒரு அடி எறங்கிரும், ஸ்டூல் உதவாது. அப்ப ஏறி எறங்குற ஆசனம் வேணும்தான். அதுக்கு சீமைக்கு எதுக்கு ஆர்டர் போடுற? 1965-லேருந்து இந்த ஊரு பாய்லர் செய்யுற ஊரு. வெல்டிங்குக்குன்னே 1975-ல ஆராய்ச்சி நிலையம் வச்ச ஊரு. திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் கல்லை விட்டா வெல்டிங் பட்டறையில விழும். உசந்த அழுத்தக் குழாயை ஒட்டவச்ச கை, உன் எழுபது கிலோவைத் தாங்க ஒரு முக்காலி ஒட்டாதா?

ஒண்ணேகால் இஞ்ச் சதுரக் குழாய் ஒண்ணு நட்டுக்கா நிக்கட்டும். ரெண்டு இஞ்சுக்கு ஒரு ஓட்டை, உக்கார்ற பலகையைத் தூக்கி எறக்கி முள்ளு சொருகுற மாதிரி. பலகை தரையிலேருந்து முக்கா அடி வரைக்கும் எறங்கணும், ரெண்டடி வரைக்கும் ஏறணும். அடியில மூணு கால். மேடு பள்ளத்துல முக்காலி நொண்டாது. ஆனா காலை அகலமா விரிச்சுப் போடச் சொல்லு, பக்கவாட்டுல சாஞ்சா கவுந்துரும். கால் வச்சிக்க ஒரு குறுக்குக் கம்பி இருந்தா முதுகு உன்னை வாழ்த்தும். பலகையில ரெக்சின் வேணாம், கூடை பின்னுற பிளாஸ்டிக் ஒயரைப் பின்னிக்கோ. காத்து போகும், பனி வடிஞ்சிரும், ஒயர் அறுந்தா உன் ஆத்தாவே திரும்பப் பின்னிரும். ஒரு கையில தூக்குற கனம்தான் இருக்கணும். நட்சத்திரம் நகர நகர நீயும் ஐபீஸைச் சுத்தி நகரணும். பெயிண்டு வெள்ளையா அடி. கறுப்பு அடிச்சா இருட்டுல உன் முழங்கால்தான் அதைக் கண்டுபுடிக்கும். சைஸைப் பொறுத்து ரெண்டாயிரம், மூவாயிரத்துல முடிக்கலாம், நீ ‘டெலஸ்கோப்புக்கு’ன்னு வாயைத் தொறக்காம இருந்தா. தொறந்தா விலை வியாழனுக்குப் போயிரும்.

அதுவரைக்கும் ஆத்தாவோட ஸ்டூலை எடுத்துட்டுப் போ, கேட்டுட்டு எடு. பட்டறைக்குப் போறன்னைக்கு டேப்பு வச்சு அளந்த சீட்டைச் சட்டைப்பையில வச்சுக்கோ. வாயால சொன்னா டீக்கடை பெஞ்சு மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுத்துருவான். செய்யுறப்போ ரெண்டா செய்யச் சொல்லு, விலை கொறையும். ரெண்டாவது எனக்கு.