இரண்டாவது தும்மலுக்கு வருகிறவர்

அடுக்குமாடிக் குடியிருப்பு என்று ஒன்று இருந்தால் தண்ணீர் மோட்டாருக்கு ஒருவர், சங்கத்துக் கணக்குக்கு ஒருவர், ஆவி பிடிக்க வைப்பதற்கு ஒருவர் இருப்பார். முதல் இருவரையும் பொதுக்குழு கூட்டி, கையைக் காலைப் பிடித்துத்தான் சம்மதிக்க வைக்க வேண்டும். மூன்றாமவர் தாமாகவே பொறுப்பேற்றுக்கொண்டவர். ஐப்பசி மழையில் தொடங்கித் தை மாதப் பனி வரை அவருக்கு ஓய்வே கிடையாது.

நீங்கள் ஒரு முறை தும்மினால் விட்டுவிடுவார். யாரோ மிளகாய் தாளித்திருக்கலாம் என்ற சலுகை. இரண்டாவது தும்மலுக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும். மூன்றாவது வருவதற்குள் மஞ்சப்பையோடு வாசலில் நிற்பார். பைக்குள் வேப்பரைசர், தைலக் குப்பி, ஒரு கைப்பிடி நொச்சி இலை. மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நேரில் "சார்", அவர் இல்லாதபோது "ஆவி சார்".

"மாத்திரை ஏதாவது போட்டியாம்மா?"

"ஆமா சார், காலையில ஒண்ணு..."

"தப்பு."

என்ன மாத்திரை என்று கேட்பதில்லை. கேட்டால் சில சமயம் சரியாக இருந்துவிடும் அபாயம் இருக்கிறது.

ஆனால் மனிதர் வெறும் வாய்ப்பந்தல் என்று நினைத்துவிடாதீர்கள். நாலாவது மாடித் தம்பதி ஆன்லைனில் ஒரு வேப்பரைசர் வாங்கினார்கள். அரை மணி நேரம் சுவிட்சைப் போட்டு வைத்தும் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. திருப்பி அனுப்பப் பெட்டியில் கட்டும்போது சார் உள்ளே நுழைந்தார்.

"என்ன தண்ணி ஊத்தினே தம்பி?"

"ஆர்.ஓ. தண்ணி சார். மூக்குக்குள்ள போறதாச்சே, சுத்தமா இருக்கட்டும்னு."

சார் சிரித்த சிரிப்பில் முப்பது வருடத் துறை அனுபவம் இருந்தது. இந்த மலிவு வகை வேப்பரைசரில் சூடேற்றும் கம்பிச்சுருள் கிடையாது. தண்ணீரில் முழுகி நிற்கும் இரண்டு தகடுகள், அவ்வளவுதான். ஒரு தகட்டிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் தண்ணீர் வழியாகவே பாய்ந்து, அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. பாய்வதற்குத் தண்ணீரில் உப்புகள் கரைந்திருக்க வேண்டும். ஆர்.ஓ. இயந்திரமோ காசு வாங்கிக்கொண்டு அந்த உப்புகளைத்தான் வெளியேற்றுகிறது. "நம்ம போர் தண்ணியை ஊத்து. உப்பே போட வேணாம். அதுவே பாதி மெரினா" என்றார். ஊற்றினார்கள். மூன்றே நிமிடத்தில் ஆவி புஸ்ஸென்று வந்தது. அந்தப் பையன் மென்பொருள் நிறுவனத்தில் ஐம்பது பேரை வேலை வாங்குகிறவன். சார் முன்னால் கைகட்டி நின்றான்.

அதற்காக உப்பை அள்ளிப் போடவும் விடமாட்டார். உப்பு கூடினால் இழுக்கும் மின்சாரமும் கூடும். தண்ணீர் பொங்கி முகத்தில் தெறிக்கும், இல்லையென்றால் பியூஸ் போகும். தண்ணீரிலேயே மின்சாரம் ஓடுவதால் பிளக்கைப் பிடுங்காமல் மூடியைத் திறக்கக் கூடாது. சூடேறிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கிறவர்களை அவர் ஒரு சாதியாகவே ஒதுக்கி வைத்திருக்கிறார். தைலம் தண்ணீர்த் தொட்டிக்குள் போகாது. அதற்கென்று மேலே ஒரு சின்னக் குழிவு இருக்கிறது, ஆவி அதைத் தொட்டுக்கொண்டு வரும். இலையை அந்தப் பெட்டிக்குள் திணிக்கவே கூடாது. இலைக்குச் சட்டிதான். நொச்சியையும் மஞ்சள் தூளையும் போட்டுக் கொதிக்க விட்டு, இறக்கித் தரையில் வைத்து, நாமும் தரையில் உட்கார்ந்து பிடிப்பதுதான் வேது.

"எல்லாம் நம்ம பாரம்பரியம்" என்று முடிப்பார். மூன்றாவது மாடியில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். சாரின் ஒரே எதிர்க்கட்சி. "தைல மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது சார். 1843இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்து நீலகிரியில் நட்டான்" என்பாள்.

"வந்து நூத்தியெண்பது வருஷம் ஆச்சுல்ல? ரேஷன் கார்டே கொடுத்திருக்கலாம்."

அவள் விடமாட்டாள். மெந்தால் மூக்கைத் திறப்பதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தொட்டு விடுகிறது. காற்று தாராளமாக வருவதாக மூளை நம்பிக்கொள்கிறது, அளந்து பார்த்தால் அதே காற்றுதான். "மூளையே நம்பிடுச்சு. அப்புறம் மூக்குக்கு என்னம்மா தனிக் கருத்து?" என்பார். சளிக்குச் சூடான ஈரக்காற்றால் பலன் உண்டு என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என 2017இல் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு முடிவு சொன்னதையும் எடுத்துப் போடுவாள்.

இந்த இடத்தில்தான் அவள் ஒரு தவறு செய்தாள். பிரான்சின் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த ஆந்த்ரே ல்வோஃப், 1965இல் நோபல் பரிசு பெற்றவர், 43 டிகிரி ஈரக்காற்றை மூக்குக்குள் செலுத்தும் கருவியில் ஆர்வம் கொண்டிருந்தார் என்றும், 1989இல் இங்கிலாந்தில் நடந்த சோதனையில் அது சளியைக் குறைத்தது என்றும் நேர்மையாகச் சொல்லிவிட்டாள். மறு ஆண்டே அமெரிக்காவில் செய்து பார்த்தபோது பலன் தெரியவில்லை என்று அவள் தொடர்வதற்குள் சார் லிப்டில் ஏறிவிட்டார். அன்று மாலைக்குள் தரைத்தளத்து இஸ்திரிக்காரர் வரைக்கும் நோபல் பரிசுச் செய்தி போய்ச் சேர்ந்தது. அந்தப் பரிசு வேறு ஆராய்ச்சிக்குக் கிடைத்தது என்பது யாருக்கும் போய்ச் சேரவில்லை.

உண்மையில் சாருக்கு வேப்பரைசர் ஒரு சாக்கு. அவருக்கு வேண்டியது போர்வை. யோசித்துப் பாருங்கள். போர்வைக்குள் இருப்பவருக்குக் கைப்பேசி கிடையாது. மூக்கால் இழுத்து வாயால் விட வேண்டியிருப்பதால் பதில் பேச முடியாது. ஒழுகும் மூக்கோடு நடுவில் எழுந்து வெளியே வர மானம் இடங்கொடுக்காது. இப்படி ஒரு கேட்பவர் இந்தக் காலத்தில் எங்கே கிடைப்பார்? வீட்டில் சாரின் மனைவிக்குத் தொலைக்காட்சித் தொடர், மகனுக்குக் காதில் எப்போதும் ஏதோ ஒன்று செருகியிருக்கும். இங்கேயோ 2016 டிசம்பரில் வர்தா புயலில் சாய்ந்த மின்கம்பங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தலாம். நான் பிடித்த காலத்தில் ஐந்து நிமிடமாக இருந்த ஆவி, இப்போது பத்து நிமிடம் ஆகிவிட்டது. மூக்கு அடைப்பு கூடியதால் அல்ல, கம்பங்கள் முடியாததால்.

2021 கொரோனா அலைதான் அவருடைய பொற்காலம். எந்த ஜன்னலைத் திறந்தாலும் நொச்சி வாசனை. கார் நிறுத்துமிடத்தில் பெரிய குக்கர் ஒன்றை வைத்து, எட்டுக் குழாய் பிரித்து, எல்லோருக்கும் பொது ஆவி என்ற திட்டத்தைச் சங்கத்தில் வைத்தார். தீர்மானம் நிறைவேறும் தறுவாயில், பொது இடங்களில் ஆவி பிடிக்க வேண்டாம், அதனாலேயே தொற்று பரவும் என்று சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொண்டார். எட்டுக் குழாயும் இன்னும் அவர் வீட்டுப் பரண்மேல் இருக்கின்றன.

ஒரு விஷயத்தில் மட்டும் சார் கதை சொல்வதில்லை. சின்னப் பிள்ளைகளைக் கொதிக்கும் சட்டிக்கு முன்னால் உட்கார வைத்தால் வந்த வேகத்தில் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். சட்டியை ஸ்டூல்மேல் வைத்தாலும் அதே கதிதான். கைக்குழந்தை மார்பில் கற்பூரத்தைக் கரைத்துத் தேய்க்கப் போன பாட்டியிடம் குரலை உயர்த்தியது இன்றும் எங்கள் குடியிருப்பில் பேசப்படுகிறது. கற்பூரம் குழந்தைக்கு வலிப்பைக் கொண்டுவரும் என்று மூன்றாவது மாடிப் பெண் ஓடிவந்து பக்கத்தில் நின்றாள். இருவரும் ஒரே கட்சியில் நின்றது அன்றைக்குத்தான்.

போன மார்கழியில் சாரே தும்மினார். ஒன்றல்ல, ஏழெட்டு. தூசி என்று சாதித்தார். அவர் மனைவிதான் படியிறங்கி வந்து எல்லோரிடமும் சொல்லிவிட்டு, நிம்மதியாகத் தொடரைப் பார்க்கப் போனார். நாலாவது மாடிப் பையன் தன் வேப்பரைசரையும் ஒரு சொம்பு போர் தண்ணீரையும் கொண்டுவந்தான். போர்வையை நாங்களே போர்த்தினோம். சார் உள்ளிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். "வாயால விடணும் சார், பேசக் கூடாது" என்றான் பையன். அப்போது ஸ்டான்லிப் பெண் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சார், அந்த 1989 சோதனை சொன்னேனே. மறு வருஷம் அமெரிக்காவில் என்ன நடந்ததுன்னா..."

"தண்ணி ஆறிப்போச்சும்மா, எடுத்துடலாம்" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

சுவிட்சைப் போட்டு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.