தகரப் பட்டாளம்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவன் செய்யத்தக்க காரியங்கள் என்று உலகம் வகுத்து வைத்திருக்கும் ஜாபிதாவில் க்ஷேத்திராடனம் இருக்கிறது, உபந்நியாசம் கேட்பது இருக்கிறது, பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவதுகூட இருக்கிறது. ஆனால் தவளை ஜாடையுள்ள ஓர் இரும்புப் பொம்மையை நாலு மானாவுக்குப் பதிலாக இரண்டு மானாவுக்கு இறக்கிவிட முடியுமா என்று இரவு பதினொரு மணிக்குக் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து கணக்குப் போடுவது அதில் எங்குமே காணப்படவில்லை. சிங்கப்பூரில் மகள் வீட்டுக்கு வந்து தங்கிய இடத்தில் எனக்கு வாய்த்த வேலை அதுதான். இதில் என் மனைவிக்கு வருத்தமும், பேரனுக்குப் பெருமையும், சர்க்கார் கணக்கு இலாகாவில் ஆயுளைக் கழித்த எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

'மேஜிக்: தி கேதரிங்' என்னும் இந்தச் சீட்டாட்டத்தை 1993-இல் உண்டாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணித விற்பன்னர். ஆடுகிறவர் இருவரும் மந்திரவாதிகள். ஆளுக்கு 20 உயிர். நிலங்களை விரித்து அவற்றிலிருந்து மானா என்னும் சக்தியைக் கறந்து, அந்தச் சக்தியைச் செலவிட்டு ஜந்துக்களையும் மந்திரங்களையும் ஏவி எதிராளியின் உயிரைப் பூஜ்யமாக்க வேண்டும். சீட்டுக்கட்டு கடையில் தயாராகவும் கிடைக்கும். ஆனால் ருசி கண்டவர்கள் ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து, அடிப்படை நிலங்கள் தவிர ஒரே சீட்டு நாலு பிரதிக்கு மேற்படாமல், 60 சீட்டைப் பொறுக்கி அவரவரே கட்டிக்கொள்வார்கள். ஆட்டம் அரைமணியில் முடிந்துவிடும்; கட்டுவதுதான் முடியாது.

என் பேரன் முதலில் எனக்குக் காட்டியது கறுப்புத் தாமரை என்ற சீட்டின் படத்தை. ஒரு செலவும் இல்லாமல் இறங்கி, மூன்று மானாவை ஒரே மூச்சில் கொடுத்துவிட்டு மறைந்துபோகும் தியாக சீலம் படைத்த அந்தச் சீட்டின் ஒரு பிரதி 2021-இல் 5,11,100 டாலருக்கு ஏலம் போயிற்று என்று அவன் சொன்னபோது, நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஓய்வூதியக்காரர்களுக்கு இந்த விளையாட்டில் இடம் உண்டா என்று விசாரித்தேன். உண்டாம். 'பாப்பர்' என்று ஒரு பிரிவு. மலிவான சாதாரண ரகமாக என்றைக்காவது அச்சான சீட்டுகளை மட்டுமே அதில் வைத்துக்கொள்ளலாம். தரித்திரர்களுக்கென்றே ஒரு பந்தயத்தை ஏற்படுத்தி அதற்குத் தரித்திரர் என்றே பெயரும் வைத்த அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

அந்தப் பிரிவில் நான் தேர்ந்தெடுத்தது யந்திரக் கட்டு. ஆர்ட்டிஃபாக்ட் என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் இந்த யந்திரங்களின் பெருமை 2003-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த மிரோடின் என்னும் தொகுதியில் உச்சத்துக்குப் போயிற்று. முழுக்க உலோகத்தாலான ஒரு லோகத்தைக் கற்பித்து, அங்கே நிலங்களையே யந்திரங்களாக்கி, மேசையில் உனக்கு எத்தனை யந்திரம் இருக்கிறதோ அத்தனை மானா தள்ளுபடி என்ற 'அஃபினிட்டி' விதியையும் சில சீட்டுகளுக்கு அருளிவிட்டார்கள். தகுதி வேண்டாம், திறமை வேண்டாம், வீட்டில் தலை இருந்தால் போதும் என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவையும் சேர்த்து எண்ணி ரேஷன் வாங்கும் கூட்டுக் குடும்பத்தின் பொருளாதாரமே இது. விளைவு என்ன? எல்லாரும் அதையே கட்டிக்கொண்டு வர, மற்றவர்கள் சலித்துப் போட்டிக்கு வருவதையே குறைத்துக்கொள்ள, 2005 மார்ச்சில் எட்டுச் சீட்டுகளை ஒரே உத்தரவில் பிரதானப் போட்டியிலிருந்து விலக்கினார்கள். அவற்றில் ஆறு வெறும் நிலங்கள்! குற்றவாளியோடு அவன் குடியிருந்த மனையையும் ஜப்தி செய்தது போலிருந்தாலும், அந்த நிலங்களில் சாதாரண ரகமாக அச்சானவை பாப்பரில் இன்றைக்கும் செல்லும் என்பதால் எனக்கு அந்த உத்தரவில் ஆட்சேபம் இல்லை.

அந்தக் கணக்கின் ருசியைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. முதல் முறை ஒரு யந்திர நிலம். இரண்டாம் முறை இன்னொன்று. தவளைப் பொம்மையாகிய ஃபிராக்மைட்டின் விலை நாலு, தள்ளுபடி இரண்டு, ஆகவே இரண்டு மானாவுக்கு அது இறங்குகிறது. மூன்றாம் முறை மூன்றாவது நிலம். தவளையோடு நாலு யந்திரம் ஆயிற்றா? ஏழு மானா விலையுள்ள மிர் என்ஃபோர்சர் என்ற தடியன், மூன்றே மானாவுக்கு மேசைமேல் ஏறுகிறான். இப்போது ஐந்து யந்திரம். கையில் இன்னொரு தவளை இருந்தால் அதற்குக் காலணா வேண்டாம், இனாம்! அரசாங்கச் செலவில் ஓர் உருப்படியைக்கூட இனாமாகப் பதிவு செய்ய முடியாமல் முப்பது சொச்ச வருஷம் ரூல் தடியோடு மல்லாடிய ஒருவனுக்கு, அந்த இரண்டாவது தவளையை மேசையில் வைக்கும்போது ஏற்படும் ஆனந்தத்தை வர்ணிக்கச் சொற்கள் போதா. ஆனாலும் விதி தந்தவர்கள் எங்கேயோ ஒரு முடிச்சுப் போட்டுத்தான் இருக்கிறார்கள்: இரண்டு சீட்டு எடுத்துக்கொடுக்கும் தாட்காஸ்ட் என்ற மந்திரத்தின் ஐந்து மானாவில் நாலுதான் தள்ளுபடியாகும், மிச்சம் ஒன்று நீல மானாவாகவே ரொக்கமாகக் கொடுத்தாக வேண்டும்.

கட்டு கட்டுவது என்றால் சேர்ப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். சேர்ப்பது அரைநாள் வேலை. நீக்குவதில்தான் மனிதனுடைய ஸ்வபாவம் தெரிகிறது. தவளை நாலு, தடியன் நாலு, தாட்காஸ்ட் நாலு, மூன்று யந்திரம் இருந்தால் ஒரே சிவப்பு மானாவுக்கு நாலு உயிரைப் பறிக்கும் மின்னல் நாலு என்று சேர்த்து, நிலங்களையும் சில்லறைகளையும் கூட்டிப் பார்த்தால் 61 வந்து நின்றது. அந்த அறுபத்தோராவது ஆசாமி யோட்டியன் சிப்பாய். 1994-இல் வந்த பழைய ஆள், மூன்று மானா, அடி ஒன்று, தாங்கும் பலம் நாலு, எதிராளியைத் தாக்கப் போனாலும் சோர்ந்து படுக்காமல் அப்படியே திரும்பி வந்து வாசலிலும் காவல் நிற்பான். ஒரு சம்பளத்தில் இரண்டு வேலை பார்ப்பவனைக் கண்டால் எனக்கு இயல்பாகவே ஒரு பாசம்.

"தாத்தா, இவன் வேண்டாம். தூக்கிடுங்க" என்றான் பேரன்.

"ஏண்டா, நல்ல உழைப்பாளியாயிற்றே?"

"அதான் பிரச்சினை. தள்ளுபடியே கிடையாது, முழு விலை கேட்கிறான். மூணு மானாவுக்கு நமக்குத் தடியன் வர்றப்போ இவன் எதுக்கு?"

விதியில் 60 என்பது குறைந்தபட்சம்தான், அதிகபட்சம் ஒன்றும் சொல்லப்படவில்லை என்று நான் சட்டத்தைக் காட்டினேன். அவன் கணிதத்தைக் காட்டினான். 60 சீட்டில் நாலு பிரதி இருக்கும் ஒரு சீட்டு, தொடக்கத்தில் எடுக்கும் ஏழு சீட்டுக்குள் ஒன்றாவது வந்து சேர நூற்றுக்கு ஏறக்குறைய 40 பங்கு வாய்ப்பு. 61 ஆனால் அதில் அரைப் பங்கு குறைகிறது. அரை சதவீதத்தை விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாத எத்தனையோ கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பதினைந்து வயதுப் பையனிடம் அந்த வாதம் எடுபடாது. சிப்பாய் முழுச் சம்பளம் கேட்ட குற்றத்துக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டு, பிளாஸ்டிக் உறையுடன் மேசை டிராயருக்குள் போனான்.

வெள்ளிக்கிழமை இரவுகளில் சீட்டுக் கடைகளில் போட்டி நடக்கும். குளிர்சாதனம் ஹோவென்று ஓட, நீண்ட மேசைகளில் எதிரும் புதிருமாக இளைஞர்கள் உட்கார்ந்து சீட்டுகளைக் கலைக்கும் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த அறையில், நரைத்த தலை என்று பார்த்தால் என்னுடையது ஒன்றுதான். எனக்கு எதிரே உட்கார்ந்த பையன் பரம சாது. முதல் முறையே ஒரு மலையை வைத்து, அதன்மேல் ஒரு குரங்கை இறக்கினான். கொரில்லா ஷாமன் என்று பெயர். உள்ளங்கையகல மரியாதைகூட அதற்குக் கொடுக்கத் தோன்றாது, அடியும் ஒன்று, உயிரும் ஒன்று. ஆனால் ஜந்துவல்லாத யந்திரங்களைத் தின்பது அதன் ஜீவனோபாயம். தின்னப்படும் பொருளின் விலை ஏற ஏறத்தான் அதற்குச் செலவு ஏறும். நிலத்துக்கு விலை பூஜ்யமாகையால் ஒரு நிலத்தைத் தின்ன ஒரே மானா போதும். நான் வைக்க, அது தின்றது. மறுபடி வைத்தேன், மறுபடி தின்றது. தள்ளுபடிக்கு ஆதாரமான குடும்ப உறுப்பினர் அனைவரும் குரங்கின் வயிற்றுக்குள் போய்விட, என் கையிலிருந்த தடியன் ஏழு மானா முழு விலையையும் எழுதிக்கொண்டு என்னையே பார்த்தான். ஒவ்வொரு நிலத்தைத் தின்றபோதும் அந்தப் பையன் "சாரி அங்கிள்" என்று மனப்பூர்வமாகச் சொன்னான். உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை.

பரிகாரம் இருந்தது. 2021-இல் வந்த ஒரு தொகுதியில் பாலங்கள் என்று சில யந்திர நிலங்கள் உண்டு. வைத்தவுடன் வேலை செய்யாது, ஒரு முறை தூங்கிவிட்டுத்தான் எழும். ஆனால் எதனாலும் அழியாது. குரங்கு கடித்தால் குரங்கின் பல்தான் போகும். போதாததற்கு, ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ள அனுமதியுள்ள 15 உபரிச் சீட்டுகளில், சிவப்புப் பிராணிகளை ஒரே நீல மானாவில் ஒழிக்கும் ஹைட்ரோபிளாஸ்டை நாலு பிரதி வைத்துக்கொண்டேன். இனிக் கவலையில்லை என்று நிமிர்ந்து உட்கார்ந்த சமயத்தில், வெள்ளைக் கட்டு வைத்திருந்த ஒரு பெண் எனக்கு எதிரே வந்தமர்ந்து, மூன்று மானாவைக் கணக்காகச் சாய்த்து, 'டஸ்ட் டு டஸ்ட்' என்று ஒரு சீட்டை வைத்தாள். அது எதையும் அழிப்பதில்லை. இரண்டு யந்திரங்களை ஆட்டத்தைவிட்டே நாடு கடத்துகிறது. அழியாவரம் பெற்ற பாலங்கள் இரண்டும் அந்த வரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே எல்லையைத் தாண்டிப் போயின. அடுத்த முறையும் அவளிடம் அதே சீட்டு இருந்தது.

ரயிலில் திரும்பும்போது பேரனிடம், இதற்கு உபரிச் சீட்டில் என்ன மருந்து என்று கேட்டேன். அவன் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"மருந்தெல்லாம் பெரிசா இல்ல தாத்தா. வெள்ளைக் கட்டுக்காரங்க நம்ம மேசைக்கு வராம இருக்கணும்னு வேண்டிக்கிறதுதான்."

அந்த இலாகா என் மனைவியினுடையது. சீட்டாட்டத்துக்காக விளக்கேற்ற மாட்டேன் என்று அவள் முதல் வாரமே சொல்லிவிட்டாள்.